பார்க்காமல் வாங்கும் புத்தகம்: வகுப்பறைக்கு எப்படித் தேர்ந்தெடுப்பது?

கடையில் நின்று புத்தகம் வாங்கும்போது நாம் யோசிக்காமலேயே பல சோதனைகளைச் செய்துவிடுகிறோம். நடுப்பக்கத்தைத் திறக்கிறோம். எழுத்து எவ்வளவு பெரிது என்று பார்க்கிறோம். ஒரு பத்தியை வாய்க்குள் படித்துப் பார்க்கிறோம். தாளைத் தடவுகிறோம். முதுகை லேசாக வளைத்து, தையலா, பின்னா, வெறும் பசையா என்று பார்க்கிறோம். இத்தனைக்கும் ஒரு நிமிடம் ஆகாது. இணையத்தில் வாங்கும்போது அந்த ஒரு நிமிடம் நமக்குக் கிடைப்பதில்லை. ஓர் அட்டைப்படம், ஒரு விலை, சில நட்சத்திரங்கள் ஆகியவற்றை வைத்தே முடிவெடுக்க வேண்டியிருக்கிறது.

நான் பணியாற்றும் திருத்தணி போன்ற ஊர்களில் வேறு வழியும் குறைவு. மலையடிவாரக் கடைகளில் முருகன் பாடல் புத்தகங்களும், பஞ்சாங்கமும், வண்ணம் தீட்டும் புத்தகங்களும் கிடைக்கும். சிறார் கதைப் புத்தகங்களை வரிசையாக அடுக்கி, புரட்டிப் பார்க்கவிடும் கடை வேண்டுமென்றால் சென்னைக்கு ரயிலேற வேண்டும். ஒரு விடுமுறை நாள் அதற்கே போய்விடும். சென்னைப் புத்தகக் காட்சியும் மாவட்டப் புத்தகக் காட்சியும் ஆண்டில் சில நாட்கள்தான். மற்ற நாட்களில் கைபேசிதான் நம் புத்தகக் கடை. ஆகவே, இழந்த அந்த ஒரு நிமிடத்தை வேறு வழிகளில் எப்படி மீட்பது என்பதை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தவறான புத்தகத்தால் யாருக்கு இழப்பு?

முதல் இழப்பு பணம். சமக்ர சிக்ஷா திட்டத்தில் பள்ளி நூலகத்துக்கான ஆண்டு மானியம் தொடக்கப் பள்ளிக்கு 5,000 ரூபாயில் தொடங்கி, மேல்நிலைப் பள்ளிக்கு 20,000 ரூபாய் வரை என்று வகுக்கப்பட்டது. ஒரு படப் புத்தகம் சராசரியாக 80 ரூபாய் என்று கொண்டால் 5,000 ரூபாய்க்கு 62 புத்தகங்கள். அதில் 20 புத்தகங்கள் பயன்படாமல் போனால், மூன்றில் ஒரு பங்கு வீண். முன்னாள் மாணவர்களும் ஊர்ப் பெரியவர்களும் தரும் நன்கொடைக்கும் இதே கணக்குதான்.

இரண்டாவது இழப்பு கணக்கில் ஏறுவதில்லை. நன்கொடையாளர் ஒருவர் இணையத்தில் வாங்கி அனுப்பிய கதைத் தொகுப்பு ஒன்று எங்கள் வகுப்புக்கு வந்தது. அட்டைகள் அழகாக இருந்தன. உள்ளே, பக்கத்துக்குப் பன்னிரண்டு வரிகள், செய்தித்தாள் அளவு எழுத்து, ‘அங்ஙனமிருக்கையில்’ என்று தொடங்கும் வாக்கியங்கள். மூன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஆசையோடு ஒன்றை எடுத்தான். அப்போதுதான் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களைக் கூட்டிப் படிக்கத் தொடங்கியிருந்தான். இரண்டு பக்கம் புரட்டினான். படம் இல்லாத பக்கம் வந்ததும் மூடி வைத்தான். “எனக்கு வராது மிஸ்” என்றான். ‘புத்தகம் எனக்குப் பொருந்தவில்லை’ என்று ஒரு குழந்தை சொல்லாது. தனக்குத்தான் படிப்பு வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். அடுத்த புத்தகத்தை அதன் கையில் எடுக்கவைக்க எனக்குப் பல நாட்கள் ஆயின. நூலகத்துக்கு வாங்கும் ஒவ்வொரு புத்தகத்தையும் இந்த மாணவனை நினைத்துத்தான் நான் தேர்ந்தெடுக்கிறேன்.

தேடும் முன் ஒரு பட்டியல்

இணையத்தைத் திறந்த பிறகு யோசித்தால், அங்கே காட்டப்படுவதைத்தான் வாங்குவோம். எனவே கைபேசியை எடுப்பதற்கு முன், நம் வகுப்பில் எந்த நிலையில் எத்தனை குழந்தைகள் என்று எழுதிக்கொள்ள வேண்டும். இதற்குப் புதிய தேர்வு எதுவும் தேவையில்லை. 2022 ஜூன் மாதம் நம் திருவள்ளூர் மாவட்டத்தின் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிவைக்கப்பட்ட ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தைகளின் நிலையை ஏற்கெனவே அறிந்து வைத்திருக்கிறோம். வாசிப்பு இயக்கப் புத்தகங்களோ நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை பிரிக்கப்பட்டு நம் பள்ளிகளுக்கு வந்துள்ளன. அவற்றில் எந்தப் படிநிலைப் புத்தகத்தை எந்தக் குழந்தை தடுமாறாமல் படிக்கிறது என்பதே மிகச் சிறந்த அளவுகோல். “நட நிலைக்கு இன்னும் 15 புத்தகங்கள் வேண்டும், ஓடு நிலைக்கு 10 போதும்” என்று குறித்துக்கொண்டால் தேடல் பாதி முடிந்தது.

விற்பனைப் பக்கத்தில் ‘3 முதல் 6 வயது வரை’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்ப வேண்டாம். பெரியவர் வாசித்துக் காட்டக் கேட்கும் வயதா, குழந்தை தானே படிக்கும் வயதா என்பதை அது சொல்வதில்லை. வாசித்துக் காட்டும் புத்தகத்தில் நீண்ட வாக்கியம் இருக்கலாம். நம் குரலே அதைத் தாங்கிக்கொள்ளும். தானே படிக்கும் புத்தகத்தில் பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரிகள், திரும்பத் திரும்ப வரும் சொற்கள், வரிக்குத் துணை நிற்கும் படம் ஆகியவை இருக்க வேண்டும். பட்டியலில் இந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுவது நல்லது.

வாங்கும் முன்பே படிக்கலாம்

பார்க்காமல்தான் வாங்க வேண்டும் என்ற நிலை எல்லாப் புத்தகங்களுக்கும் இல்லை. சிலவற்றை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை இலவசமாகப் படித்துவிட்டே அச்சுப் படியை வாங்கலாம்.

பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் என்ற லாப நோக்கமற்ற நிறுவனம் 2015-இல் ‘ஸ்டோரிவீவர்’ என்ற இணையத் தளத்தைத் தொடங்கியது. தமிழ் உட்படப் பல மொழிகளில் படக்கதைகளை அங்கே முழுமையாகப் படிக்கலாம், தரவிறக்கலாம். வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை பிரித்திருப்பதால், நம் பட்டியலோடு ஒப்பிடுவது எளிது. தளத்தில் உள்ள கதைகள் எல்லாம் அச்சில் வந்தவை அல்ல. ஆனால் பிரதம் புக்ஸ் அச்சிட்டு விற்கும் பல கதைகள் அங்கே உள்ளன. வகுப்பறைத் திரையில் ஒரு கதையைக் காட்டுங்கள். குழந்தைகள் எந்தப் பக்கத்தில் சிரிக்கிறார்கள், எந்தச் சொல்லில் நிற்கிறார்கள் என்று கவனியுங்கள். “இன்னொரு தடவை” என்று அவர்கள் கேட்கும் கதையை அச்சில் வாங்குங்கள். ஒன்றிய அரசின் கல்வி அமைச்சகம் நேஷனல் புக் டிரஸ்ட் வழியாக நடத்தும் ‘ராஷ்ட்ரிய இ-புஸ்தகாலயா’ செயலியிலும் 3–8, 8–11, 11–14, 14–18 என்று வயதுவாரியாகப் பிரித்த புத்தகங்களை இலவசமாகப் படிக்கலாம்.

சென்னை செல்லும் வாய்ப்பு கிடைக்கும்போது இரண்டு நூலகங்களை நினைவில் வையுங்கள். கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு உள்ளது. எழும்பூர் கன்னிமாரா நூலகம், 1954-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இந்தியாவில் வெளியாகும் நூல்களின் படிகளைப் பெறும் நான்கு நூலகங்களில் ஒன்று. வேறு வேலையாகப் போகும்போது ஒரு மணி நேரம் ஒதுக்கி, பிடித்த புத்தகங்களின் அட்டையையும் பின்னட்டையையும் படம் எடுத்துக்கொண்டு வந்தால், இணையத்தில் வாங்கும்போது அது பார்த்த புத்தகமாகிவிடுகிறது.

விற்பனைப் பக்கத்தை வாசிக்கும் முறை

முன்பே படிக்க வழியில்லாத புத்தகங்களுக்கு விற்பனைப் பக்கத்தையே நன்றாக வாசிக்க வேண்டும். பலரும் படத்தையும் விலையையும் மட்டும் பார்க்கிறோம். அதற்குக் கீழே சிறிய எழுத்தில் உள்ள விவரங்களில்தான் புத்தகம் இருக்கிறது.

எண்: தமிழ்ப் புத்தகங்களின் தலைப்பை விற்பனைத் தளங்கள் பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் பதிகின்றன. ஒரே தலைப்பை நான்கு விதமாக எழுத முடியும் என்பதால் தேடினால் கிடைப்பதில்லை, அல்லது வேறொன்று கிடைக்கிறது. இதற்குத் தீர்வு ஐ.எஸ்.பி.என். என்ற 13 இலக்க எண். இந்தியப் பதிப்பகங்களின் எண்கள் 978-81 அல்லது 978-93 என்று தொடங்கும். நூலகத்திலோ நண்பரின் பள்ளியிலோ ஒரு நல்ல புத்தகத்தைப் பார்த்தால் பின்னட்டையில் உள்ள இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைக் கொண்டு தேடினால் அதே மொழி, அதே பதிப்பு கிடைக்கும். ஒரே கதை தமிழிலும் ஆங்கிலத்திலும் வந்திருந்தால் இரண்டுக்கும் எண் வேறு.

அளவு: நீளம், அகலம் கொடுத்திருந்தால் அந்த அளவுக்கு ஒரு பழைய செய்தித்தாளை வெட்டிப் பாருங்கள். திரையில் எல்லாப் புத்தகமும் ஒரே அளவில்தான் தெரியும். 21 செ.மீ. அகலம் என்று எண்ணி வாங்கியது 14 செ.மீ. அகலத்தில் வந்தால், நாற்பது குழந்தைகளுக்கு முன்னால் பிடித்துக்காட்டி வாசிக்க முடியாது. கைக்கு அடக்கமான சிறிய புத்தகம் தனி வாசிப்புக்குச் சரி. வகுப்பு வாசிப்புக்குப் பெரியது வேண்டும்.

பக்கம்: படப் புத்தகங்கள் பெரும்பாலும் 16, 24 அல்லது 32 பக்கங்களில் வருகின்றன. ‘10 புத்தகங்கள் கொண்ட தொகுப்பு’ என்ற விளம்பரத்தில் ஒரு புத்தகத்துக்கு எத்தனை பக்கம் என்று இல்லையென்றால் எச்சரிக்கை தேவை. அதேபோல், தொடக்க நிலைக்கு என்று சொல்லப்படும் புத்தகம் 96 பக்கம் என்றால், அது படப் புத்தகம் அல்ல, கதைத் தொகுப்பு.

எடை: இது ஒரு கணக்கு. எட்டாம் வகுப்பு மாணவர்களையே செய்யச் சொல்லலாம். 20 செ.மீ. நீளம், 20 செ.மீ. அகலம், 24 பக்கம் கொண்ட புத்தகத்தில் 12 தாள்கள். ஒரு தாளின் பரப்பு 0.04 சதுர மீட்டர். 12 தாளுக்கு 0.48. ஒரு சதுர மீட்டர் தாளின் எடையைத்தான் அச்சகத்தில் ‘ஜிஎஸ்எம்’ என்கிறார்கள். 120 ஜிஎஸ்எம் தாள் என்றால் உள்பக்கங்கள் சுமார் 58 கிராம். 250 ஜிஎஸ்எம் அட்டை சேர்த்தால் 78 கிராம். சாதாரண 70 ஜிஎஸ்எம் தாள் என்றால் மொத்தம் 54 கிராம்தான். இந்த அளவுள்ள வண்ணப் புத்தகத்துக்கு 50 கிராம் என்று போட்டிருந்தால் தாள் மெல்லியது, பின்பக்க வண்ணம் முன்பக்கம் தெரியலாம் என்று ஊகிக்கலாம். சில விற்பனையாளர்கள் பார்சலின் எடையைப் போடுவதும் உண்டு. ஆகவே இதை மற்ற விவரங்களோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

உள்பக்கப் படம்: குறைந்தது ஒரு உள்பக்கமாவது காட்டப்பட்டிருக்க வேண்டும். அதில் வரிகளை எண்ணுங்கள். ஒரு வரியில் எத்தனை சொற்கள், அவற்றில் எத்தனை சொற்களை உங்கள் மாணவர்கள் படிப்பார்கள் என்று பாருங்கள். அட்டை மட்டும் காட்டப்பட்டிருந்தால் பதிப்பகத்தின் சொந்தத் தளத்துக்குப் போய்ப் பாருங்கள்.

மதிப்புரைகள்: நட்சத்திரங்களை விடுங்கள்; எழுதியிருப்பதைப் படியுங்கள். “சீக்கிரம் வந்தது”, “பேக்கிங் நன்று” என்பவை கூரியருக்கான பாராட்டு. “என் மகள் தினமும் கேட்கிறாள்”, “எழுத்து பொடியாக இருக்கிறது” போன்ற ஒரு வரிதான் நமக்குப் பயன்படும். வாங்கியவர்களே எடுத்துப் போட்ட புகைப்படம் இருந்தால் அது விளம்பரப் படத்தைவிட நம்பகமானது.

எழுதியவர், வரைந்தவர், மொழிபெயர்த்தவர்: நல்ல சிறார் பதிப்பகங்கள் மூவர் பெயரையும் போடும். ஒருவர் பெயரும் இல்லாத ‘நீதிக்கதைத் தொகுப்பு’களில் படங்கள் கதைக்குத் தொடர்பில்லாமல் ஒட்டப்பட்டிருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

உயர்நிலை வகுப்புகளுக்கு வாங்குபவர்கள் கூடுதலாக இரண்டைக் கவனிக்க வேண்டும். ஒன்று, முழு நூலா, சுருக்கப் பதிப்பா என்பது. புகழ்பெற்ற நாவல் 90 பக்கத்தில் கிடைத்தால் அது சுருக்கம். சுருக்கம் தவறில்லை, தெரிந்து வாங்க வேண்டும். மற்றொன்று, அறிவியல், பொது அறிவு நூல்களின் பதிப்பாண்டு. மாவட்டங்களின் எண்ணிக்கையும் கோள்களின் எண்ணிக்கையும் பழையதாக உள்ள நூலைத் தேர்வுக்குப் படிக்கும் மாணவர் கையில் கொடுக்க முடியாது. 2006-இல் புளூட்டோ கோள்களின் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஒன்பது கோள்கள் என்று சொல்லும் புத்தகம் இன்றும் விற்பனையில் இருக்கலாம்.

வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ்

எங்கள் பகுதிக்கு ஒரு தனித் தேவை உண்டு. எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திரத்திலிருந்து அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கோடு மாறினாலும் வீட்டுமொழி மாறுவதில்லை. இன்றும் வீட்டில் தெலுங்கு பேசிவிட்டுப் பள்ளியில் தமிழ் படிக்கும் குழந்தைகள் எங்கள் வகுப்புகளில் இருக்கிறார்கள். ஓசூர், கூடலூர், கன்னியாகுமரி என எல்லா எல்லைப் பகுதி ஆசிரியர்களுக்கும் இது தெரிந்த நிலைதான்.

இந்தக் குழந்தைகளுக்குக் கதை முன்பே தெரிந்திருந்தால் தமிழ் வரி எளிதாகப் பிடிபடுகிறது. 1996-இல் சென்னையில் தொடங்கப்பட்ட துலிகா பதிப்பகம் தமிழ், தெலுங்கு, ஆங்கிலம் உட்பட ஒன்பது மொழிகளில் சிறார் நூல்களை வெளியிடுகிறது. ஒரே படக்கதை தமிழிலும் தெலுங்கிலும் தனித்தனியாகக் கிடைப்பது எங்களைப் போன்ற பள்ளிகளுக்குப் பெரிய வசதி. ஸ்டோரிவீவரிலும் ஒரே கதையை மொழி மாற்றிப் பார்க்கலாம். ஒரு கதையின் தெலுங்கு வடிவத்தை வீட்டில் பாட்டியோ அம்மாவோ சொல்லிக்காட்ட, தமிழ் வடிவத்தை வகுப்பில் குழந்தை படிக்கிறது. இணையத்தில் வாங்கும்போது இங்கேதான் மொழிக் குழப்பம் அதிகம் நேர்கிறது: அட்டைப்படம் தமிழ், விவரத்தில் மொழி ஆங்கிலம் என்றிருக்கும். ‘இருமொழி’ என்று மட்டும் போட்டிருந்தால் எந்த இரு மொழிகள் என்று கேட்டுத் தெரிந்த பிறகே பணம் செலுத்துங்கள்.

முதலில் ஒரு படி

ஒரு தலைப்பில் ஐந்து படிகள் தேவைப்பட்டாலும் முதலில் ஒன்றை மட்டும் வரவழையுங்கள். அனுப்பும் செலவு கொஞ்சம் கூடும். ஐந்தும் வீணாவதைவிட அது குறைவு. வந்ததை ஒரு வாரம் வகுப்பில் திறந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் தாமாக எடுக்கிறார்கள்? எடுத்தவர் கடைசிப் பக்கம் வரை போகிறாரா? மறுநாள் மீண்டும் எடுக்கிறாரா? இந்த மூன்று கேள்விகளுக்கு விடை தெரிந்த பிறகு மீதியை வாங்கலாம்.

பெரிய விற்பனைத் தளங்களைத் தவிர, பதிப்பகங்களிடம் நேரடியாகவும் வாங்கலாம். நேஷனல் புக் டிரஸ்ட், பாரதி புத்தகாலயத்தின் ‘புக்ஸ் ஃபார் சில்ரன்’, நியூ செஞ்சுரி புக் ஹவுஸ், துலிகா, தாரா, பிரதம் புக்ஸ் ஆகியவை சிறார் நூல்களை வெளியிட்டு வருகின்றன. நேரடியாகத் தொடர்புகொள்வதில் ஒரு வசதி உண்டு: “அரசுப் பள்ளி ஆசிரியர் பேசுகிறேன், இந்த நூலின் இரண்டு உள்பக்கங்களைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?” என்று கேட்கலாம். கேட்டதில் எனக்கு இதுவரை நல்ல பதிலே கிடைத்திருக்கிறது. பள்ளிக்கென்றால் தள்ளுபடி உண்டா என்றும் கேளுங்கள். அச்சிட்ட புத்தகங்களுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, பில்லில் அதைச் சரிபாருங்கள்.

பார்சல் வந்ததும்

விற்பனைப் பக்கத்தைப் பணம் செலுத்தும் முன்பே கைபேசியில் படம்பிடித்து வையுங்கள். பார்சல் வந்த அன்றே திறந்து, மொழி, பக்க எண்ணிக்கை, அளவு ஆகியவற்றை அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். பக்கங்கள் வரிசையாக உள்ளனவா, தலைகீழாகக் கட்டப்பட்டுள்ளதா, படங்கள் மங்கலாக உள்ளனவா, பதிப்புரிமைப் பக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். மங்கிய படமும் பதிப்பு விவரம் இல்லாத பக்கமும் கள்ள அச்சின் அடையாளங்கள். பள்ளி முத்திரை குத்துவதும் பதிவேட்டில் ஏற்றுவதும் இந்தச் சோதனைக்குப் பிறகுதான். முத்திரை விழுந்த புத்தகத்தைத் திருப்ப முடியாது.

சொன்னது ஒன்று, வந்தது ஒன்று என்றால் தயங்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிகம்) விதிகள், 2020-இன்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. தளத்தின் குறைதீர்ப்பு அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதிலும் பலனில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ‘குழந்தைகளுக்குப் பிடிக்கவில்லை’ என்பதற்கு இந்த விதிகள் உதவாது. ‘24 பக்கம் என்று சொல்லி 16 பக்கம் அனுப்பினார்கள்’ என்பதற்கு உதவும். விவரம் முழுமையாக உள்ள பக்கத்திலிருந்தே வாங்க வேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பள்ளி நிதியில் வாங்கும்போது மானியத்துக்கான வழிகாட்டு நெறிமுறைகளையே பின்பற்ற வேண்டும். நன்கொடையில் வாங்குவதாக இருந்தால், பள்ளி மேலாண்மைக் குழுவில் பட்டியலை வைத்து, தலைமையாசிரியர் பெயரில் பில் பெற்று, இருப்புப் பதிவேட்டில் ஏற்றுவது நல்ல வழக்கம். நன்கொடையாளர் தாமே வாங்கித் தர விரும்பினால், மேலே சொன்ன பட்டியலையும் 13 இலக்க எண்களையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கும் தேடும் சிரமம் குறையும்.

நாம் பார்த்ததை அடுத்தவருக்குச் சொல்வோம்

ஓர் ஆசிரியர் பார்க்காமல் வாங்கிய புத்தகம், வந்து சேர்ந்த பிறகு அவர் பார்த்த புத்தகம். அந்தப் பார்வை அவர் அலமாரியோடு நின்றுவிடுகிறது. பத்துக் கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இன்னொரு பள்ளி அதே புத்தகத்தைப் பார்க்காமலேயே மீண்டும் வாங்குகிறது. குறுவள மையக் கூட்டத்துக்குப் போகும்போது நான் நான்கைந்து புத்தகங்களைப் பையில் எடுத்துப்போகத் தொடங்கியிருக்கிறேன். தேநீர் இடைவேளையில் சக ஆசிரியர்கள் புரட்டிப் பார்க்கிறார்கள். கடையில் செய்ய முடியாத சோதனை அங்கே நடந்துவிடுகிறது.

இதற்கு ஒரு புத்தகத்துக்கு ஐந்து வரி போதும்: தலைப்பும் 13 இலக்க எண்ணும்; பதிப்பகம், விலை; பக்கத்துக்கு எத்தனை வரி; எந்தப் படிநிலைக் குழந்தை தானே படித்தது; மீண்டும் வாங்கலாமா, வேண்டாமா. ஒரு குறுவள மையத்தில் இருபது ஆசிரியர்கள் ஆளுக்கு ஐந்து புத்தகங்களுக்கு இப்படி எழுதினால், நூறு புத்தகங்களின் பட்டியல் கையில் இருக்கும். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் வகுப்பில் அதிகம் கசங்கிய புத்தகம் ஒன்றையும், யாரும் தொடாத புத்தகம் ஒன்றையும் எடுத்துவாருங்கள். பட்டியலை அந்த இரண்டிலிருந்தே தொடங்கலாம்.